ஸ்வெட்டருக்காக மெத்தையைத் தூக்குவதா?

கேள்வி: நானும் கணவரும் எட்டு மாதமாக ஒரு சின்ன கேம்பர் வேனில் குடியிருக்கிறோம். ஏறும்போதே துணியை நன்றாகக் குறைத்துக்கொண்டுதான் ஏறினோம். ஆனாலும் அடங்கவில்லை. விதவிதமான பெட்டிகள், ஜிப் வைத்த பைகள், காற்றை உறிஞ்சி எடுக்கும் கவர்கள் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் அழகாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய கதை. தினமும் காலையில் ஒரு ஸ்வெட்டருக்காக மெத்தையைத் தூக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் கட்டிலடியில் வைத்திருந்த கம்பளித் துணிகளை வெளியே எடுத்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி, மக்கிப்போன வாடை. "பாதியை யாருக்காவது கொடுத்துவிடு" என்கிறார் கணவர். அவருடைய கருவிப்பெட்டி மட்டும் ஏறிய நாளில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெட்டி, பை, கவர் என்று எத்தனையோ எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது ஒரே வரியில்: தினமும் காலையில் மெத்தையைத் தூக்குகிறீர்கள். துணி அதிகமா குறைவா என்பதை அப்புறம் பார்க்கலாம். தினமும் வேண்டிய ஒரு ஸ்வெட்டர் எதற்காக மெத்தைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது? அதற்குப் பதில் கிடைக்கும்வரை இன்னொரு பெட்டி வாங்காதீர்கள். கணவர் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டுப் பாதியைக் கொடுத்தும் விடாதீர்கள்.

கேம்பர் வண்டிகளுக்கு உள்ளே மரவேலை செய்துகொடுப்பது என் தொழில். கட்டில், அலமாரி, இருக்கைப்பெட்டி, மேல் லாக்கர் எல்லாம் செய்வேன். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கென்று ஒரு வண்டியைச் செய்துகொண்டு, அதில் இரண்டு வருடம் மனைவியோடு குடியும் இருந்தேன். அந்த வண்டியிலேயே எனக்கு ரொம்பப் பெருமை, இருக்கைக்கு அடியில் செய்த இழுப்பறைகள்தான். ஆளுக்கு மூன்று. விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வரும். குளிர் இறங்கிய முதல் ராத்திரி, மணி இரண்டு இருக்கும், மனைவி எழுந்து காலுறை கேட்டாள். காலுறை அவளுடைய இரண்டாவது இழுப்பறையில். இழுப்பறை இருக்கைக்கு அடியில். இருக்கைதான் ராத்திரியில் கட்டில். கட்டிலின் மேல் நான். அதைத் திறக்க வேண்டுமானால் நான் எழுந்து, மெத்தையைச் சுருட்டி, கட்டில் பலகையைக் கழற்றி, கழற்றிய பலகையை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன். அன்று ராத்திரி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீட்டில் அலமாரி இருக்கும் இடம் காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான். கேம்பருக்கு ஒரே நாளில் மூன்று உருவம். ஓடும்போது ஒன்று, நிறுத்திவிட்டுப் பகலில் புழங்கும்போது ஒன்று, படுக்கை விரித்தபின் இன்னொன்று. பகலில் கையெட்டிய இடம் ராத்திரியில் உங்கள் முதுகுக்கு அடியில் போய்விடுகிறது. பகலில் தரையில் இருந்த செருப்பும் பையும் வண்டி கிளம்பியதும் உருள ஆரம்பிக்கின்றன. வீட்டில் வைப்பது போல் துணியோடு துணி, புத்தகத்தோடு புத்தகம் என்று இனம் பிரித்து வைத்தீர்களானால் இந்த மூன்று உருவத்தில் ஏதாவது ஒன்று உங்களைக் காலை வாரிவிடும். வண்டி எந்த உருவத்தில் இருக்கும்போது இந்தப் பொருள் கைக்கு வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்வெட்டர் வேண்டியது படுக்கை விரித்திருக்கும்போது. அது இருப்பதோ படுக்கையை எடுத்தால்தான் திறக்கும் இடத்தில். இரண்டு நாள் அழகும் மூன்றாம் நாள் பழைய கதையும் இதனால்தான்.

ஒரு வேலை செய்யுங்கள். ஒரே ஒரு நாள், எதையும் மாற்றாமல், வழக்கம்போல் புழங்குங்கள். ஒவ்வொரு லாக்கர் கதவிலும் பெட்டி மூடியிலும் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, திறக்கும்போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திறப்பதற்கு முன்னால் வேறு எதையாவது நகர்த்த வேண்டியிருந்தால் அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு வெட்டு. கணவரும் போட வேண்டும். மறுநாள் காலையில் பாருங்கள். வெட்டு விழுந்த கோடுகள் இரண்டு மூன்று இடத்தில் குவிந்திருக்கும், அங்கே இருப்பவைதான் இடம் மாற வேண்டியவை. கோடே விழாத கதவு ஒன்றிரண்டு நல்ல உயரத்தில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பெரும்பாலும் அதற்குள் விருந்தாளிக்கென்று வைத்த போர்வையோ, ஒருநாளும் விளையாடாத பலகை விளையாட்டோ இருக்கும். எதற்கும் எதற்கும் இடமாற்றம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு ரொம்ப எளிது. தினமும் தொடுவது ஒரே அசைவில் கைக்கு வர வேண்டும்; கதவைத் திற, எடு, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை தொடுவதற்கு இரண்டு மூன்று அசைவு ஆனால் பரவாயில்லை. பருவம் மாறும்போது மட்டும் தொடுவதற்கு மெத்தையையே தூக்கலாம், யாரும் அலுத்துக்கொள்ளப் போவதில்லை.

இப்போது துணிக்கு வருவோம். முதலில் ஆளுக்கொரு சின்னப் பை, ராத்திரிப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் உட்கார்ந்தபடியே கைக்கெட்டும் இடத்தில், தலைமாட்டுச் சுவரில் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். அதற்குள் ஒரு ஸ்வெட்டர், ஒரு ஜோடி காலுறை, மறுநாள் காலையில் போடப்போகும் உள்ளாடையும் சட்டையும், தலையில் மாட்டும் ஒரு சின்ன விளக்கு. படுக்கை விரிக்கும் முன் மறுநாளைக்கு உரியதை அதில் போட்டுவிட வேண்டும். பல் தேய்ப்பது போல அது ஒரு பழக்கம். காலையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது மற்றவர் சத்தமில்லாமல் உடுத்திக்கொண்டு வெளியே போகலாம். ஒரே அறையில் இரண்டு பேர் எட்டு மாதம் இருந்திருக்கிறீர்கள், இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வாரத்துத் துணிக்கு மேல் லாக்கர். துணி கனமில்லாதது, மேலே போகலாம். அதிலிருக்கும் டின்களையும் புத்தகங்களையும் கீழே இறக்குங்கள். 80 செ.மீ. நீளம், 30 செ.மீ. ஆழம், 25 செ.மீ. உயரம் உள்ள ஒரு லாக்கரின் கொள்ளளவு 60 லிட்டர். அதாவது ஒரு பெரிய முதுகுப்பை அளவு. ஆளுக்கு ஒரு லாக்கர் என்று பிரித்துவிட்டால், அவரவர் லாக்கருக்குள் அடங்குவதுதான் அவரவர் வாரத்துத் துணி. "நீ குறை, நான் குறைக்கிறேன்" என்ற பேச்சுக்கே வேலையில்லை. லாக்கர் சொல்லிவிடும்.

உள்ளே அடுக்குவதில் ஒரு சின்ன விஷயம். துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். கடைசியில் இருப்பதை இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் சரியும், வண்டி நாலு வளைவு திரும்பினாலும் சரியும். சட்டையை விரித்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து நீளப் பட்டையாக்குங்கள். பட்டையின் அகலம் லாக்கரின் உயரத்தைவிட இரண்டு விரல் குறைவாக இருக்கட்டும். கழுத்துப் பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, சுருளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதேபோல அடுத்தது, அதன் பக்கத்தில் அடுத்தது. கதவைத் திறந்ததும் எல்லாச் சட்டையும் முன்னால் நிற்கும். ஒன்றை உருவினால் மற்றவை கொஞ்சம் தளர்ந்து நிற்குமே தவிர விழாது. லாக்கரின் வாயில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்போ, குறுக்கே ஒரு எலாஸ்டிக் நாடாவோ இருந்தால் கதவைத் திறந்ததும் தலையில் கொட்டாது.

பெட்டியா பையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேம்பரின் சுவர் நேராக இருப்பதில்லை. மேலே போகப் போக உள்பக்கம் வளையும். சதுரப் பெட்டியை அங்கே வைத்தால் வளைவுக்கும் பெட்டிக்கும் நடுவில் முக்கோணமாக ஓர் இடம் செத்துப்போகும். துணிப்பை வளைவோடு வளைந்துகொள்ளும். பாதி காலியானால் பாதியாகச் சுருங்கியும் கொள்ளும்; பெட்டி நிறைந்தாலும் காலியானாலும் ஒரே இடத்தைத்தான் அடைக்கும். அதனால் உடுப்புக்கெல்லாம் பை, அதுவும் ஒரு பக்கம் வலை வைத்த பை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், காற்றும் போகும். கசியக்கூடியது, நசுங்கக்கூடியது, கருவி, இதற்கெல்லாம் மூடி போட்ட கெட்டிப் பெட்டி. வாங்கிக் குவித்திருக்கும் பெட்டிகளில் பாதி காலியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

ஹேங்கரில் மாட்டும் அலமாரி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் நான் அதைப் பாதி பிடுங்கிவிடச் சொல்வேன். தொங்கும் சட்டைக்குக் கீழே எப்போதும் அரை அலமாரி வெறுமையாகவே கிடக்கும். ஓடும்போது துணி ஊசலாடி, பலகையில் உரசி, தோள்பட்டை தேய்ந்துபோகும். மழைக்கோட்டுக்கும் மடிப்புக் கலையக்கூடாத ஒன்றிரண்டு உடைக்கும் ஒரு ஜாண் அகலம் விட்டுவிட்டு, மீதியில் தட்டுகள் அடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை துணி வேண்டும் என்பதற்கு யாராவது முப்பது, நாற்பது என்று எண்ணிக்கை சொன்னால் நம்பாதீர்கள். அதைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள், துவைத்தது காய எத்தனை நாள் ஆகிறது. வாரம் ஒருமுறை துவைத்து, இரண்டு நாளில் காய்ந்தால், உள்ளாடையும் காலுறையும் ஒன்பது. பத்தாவது ஜோடி சும்மா பயணம் செய்கிறது. சட்டைக்கு அதில் பாதி போதும், கால்சட்டைக்கு மூன்று. காயும் நேரத்தைக் குறைத்தால் எண்ணிக்கை தானே குறையும் என்பதைக் கவனியுங்கள். ஜீன்ஸ் ஒன்று முக்கால் கிலோவுக்குக் கிட்டே வரும், வெயிலில்லாவிட்டால் இடுப்புப் பட்டை இரண்டு நாளானாலும் காயாது. பாலியஸ்டர் சட்டுபுட்டென்று காயும், ஆனால் வியர்வை வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளிச் சட்டை விலை கூடுதல், நாலைந்து நாள் போட்டாலும் வாடை ஏறாது. தடித்த பூத்துண்டை இன்றைக்கே தூக்கிப்போடலாம். மெல்லிய, சொரசொரப்பான நெசவுள்ள துண்டு கால்வாசி இடத்தில் அடங்கும், காற்றில் மாட்டினால் சீக்கிரம் காயும்.

கையால் துவைப்பீர்களானால் ஒரு யுக்தி. முறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியில் கிட்டத்தட்ட அதன் எடைக்குச் சமமான தண்ணீர் இன்னும் நிற்கும். அதை ஒரு உலர்ந்த துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, சுருளின்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். துண்டு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், துணி பாதி நேரத்தில் காயும். முடிந்தவரை வெளியே காயப்போடுங்கள். வண்டிக்குள் காயும் ஒவ்வொரு சட்டையும் தன் தண்ணீரை உங்கள் சுவரில்தான் கொண்டுபோய் வைக்கும்.

அந்தக் கறுப்புப் புள்ளி விஷயம் இதோடு சேர்ந்தது. உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே அவசரமானதும் இதுதான். பூசணம் கம்பளியோடு நிற்காது; மெத்தைக்குப் போகும், பலகைக்குப் போகும், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களைப் படுத்தும்.

கூரை ஒழுகுகிறதோ என்றுதான் முதலில் சந்தேகம் வரும். அதையும் பார்த்துவிடுங்கள், ஜன்னல் ஓரத்திலும் கூரை வென்ட் (காற்றுத் திறப்பு) ஓரத்திலும் சீல் விட்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அந்தத் தண்ணீர் நீங்கள் இருவரும் விட்ட மூச்சு. தூங்கும் ஓர் ஆளிடமிருந்து மூச்சிலும் வியர்வையிலுமாக ஓர் இரவில் சுமார் கால் லிட்டர் நீர் காற்றில் கலக்கும். இரண்டு பேருக்கு அரை லிட்டர். அதோடு அடுப்பு. கேஸ் எரியும்போதே நீராவி உண்டாகிறது. 100 கிராம் கேஸ் எரிந்தால் 150 கிராமுக்கு மேல் தண்ணீர். பாத்திரத்திலிருந்து எழும் ஆவி தனி. இத்தனையும் ஒரு சின்ன அறைக்குள். உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த நீர் துளிர்த்துவிடும். குளிர்காலத்தில் வண்டியின் வெளிச்சுவர் 12 டிகிரிக்குக் கீழே போவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, அதுவும் தகட்டோடு ஒட்டிய இரும்புச் சட்டங்கள் முதலில் குளிரும். கட்டிலடிப் பெட்டி அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது. அறையின் சூடு அங்கே எட்டாது, ஈரம் எட்டிவிடும். அதற்குள் கம்பளியைச் சுவரோடு அழுத்தித் திணித்து மூடினால் பூசணத்துக்கு விருந்து வைத்தது போலத்தான்.

மெத்தையும் இதில் கூட்டு. உடம்பின் ஈரம் மெத்தை வழியாகக் கீழே இறங்கி, அடியில் குளிர்ந்த பலகையைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். கையை விட்டுப் பார்த்தால் மெத்தையின் அடிப்பக்கம் சில்லென்று இருக்கும். ஆகவே ஸ்வெட்டருக்காகத் தூக்குவதை நிறுத்திவிட்டு, காற்றுக்காகத் தூக்குங்கள். காலையில் எழுந்ததும் மெத்தையை ஓரமாக நிமிர்த்தி, ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.

மரவேலையில் செய்யக்கூடியது மூன்று நாலு உண்டு, எதற்கும் பெரிய ஆசாரி வேண்டாம். கட்டிலின் மேல்பலகை முழுப் பலகையாக இருந்தால் அதில் 3 செ.மீ. விட்டமுள்ள துளைகளை ஒரு ஜாண் இடைவெளியில் போடுங்கள், அல்லது பலகையை எடுத்துவிட்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இடைவெளி விட்டு அடியுங்கள். பெட்டிக்குள் வெளிச்சுவர் பக்கமாக இரண்டு செ.மீ. தடிப்புள்ள ரீப்பர்களைச் செங்குத்தாக ஒட்டிவிட்டால் துணி எவ்வளவு நெருங்கினாலும் சுவரைத் தொட முடியாது, நடுவில் காற்று ஓடும். பெட்டியின் முன்பக்கத்தில் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை துளை. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே வெளியேறும். ஒரே வரிசை மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை. துளை போடுமுன் பலகைக்குப் பின்னால் வயரோ குழாயோ போகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். (கேட்காமல் துளைத்து, பெட்டிக்குள் நீரூற்று கண்டவன் சொல்கிறேன்.)

ஈரத்தை இழுக்கும் டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்சியம் குளோரைடு போட்டது நிறையவே இழுக்கும், ஆனால் இழுத்த நீர் டப்பாவில் உப்புக் கரைசலாகத் தேங்கும். வண்டி ஓடும்போது கவிழ்ந்தால் துணி நாசம். நிறுத்தி நெடுநாள் விடும்போது மட்டும் அதை வையுங்கள். துணிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைதான் தோது, சூட்டில் உலர்த்தித் திரும்பத் திரும்ப வைக்கலாம். இரண்டுமே துணைக்குத்தான். ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு டப்பாவை நம்பினால் நடக்காது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக் கட்டிலடியிலேயே வையுங்கள். 60க்குள் இருந்தால் நிம்மதி. நாள்கணக்கில் 70க்கு மேலே நின்றால் பூசணம் மறுபடி வரும்.

ஒன்று முக்கியம். தரையிலோ கேஸ் சிலிண்டர் பெட்டியின் அடியிலோ சின்ன ஓட்டைகள் தெரிந்தால், குளிர்காற்று வருகிறதென்று துணியை அடைத்தோ பையை வைத்தோ மூடிவிடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஓடி அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஹீட்டரின் காற்று வாய்க்கு முன்னாலும் எதையும் அடுக்கக்கூடாது.

பூசணம் பிடித்த கம்பளியை வெளியே கொண்டுபோய், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரஷால் உதறித் தேயுங்கள். வண்டிக்குள் உதறினால் வித்து எங்கும் பறக்கும். அப்புறம் கம்பளிக்கான சோப்புத் திரவத்தில் வெதுவெதுப்பான நீரில் அலசி, காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். கொதிநீரில் போட்டு அடித்துத் துவைத்தால் சுருங்கிக் குழந்தைச் சட்டை ஆகிவிடும். குளோரின் பிளீச் கம்பளியை அரித்தே விடும், கிட்டே கொண்டுபோகாதீர்கள். புள்ளி முழுக்கப் போகாமல் கறை நிற்கலாம். வாடை போய்விட்டால் போடலாம். இரண்டு தடவை அலசியும் மக்கல் வாடை நின்றால் அந்தத் துணியை விட்டுவிடுவதுதான் நல்லது. பெட்டியின் பலகையைச் சோப்பு நீரால் துடைத்து, ஒரு முழு நாள் திறந்து காயவிட்ட பிறகே மறுபடி எதையும் வையுங்கள்.

காற்றை உறிஞ்சும் கவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பருவம் முடிந்த துணிக்கு அது சரிதான், ஆனால் எலும்புபோல் காய்ந்த துணியாக இருக்க வேண்டும். லேசான ஈரத்தோடு அடைத்துவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது தெரியும். இறகு அடைத்த ஜாக்கெட்டை மாதக்கணக்கில் அப்படி நசுக்கி வைத்தால் உப்பல் போய்விடும், கதகதப்பும் கூடவே போகும். அதைத் தலையணை உறைக்குள் தளர்வாக அடைத்து, பகலில் முதுகுக்குச் சாய்மானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரச் செருப்பு, சேற்றுக் காலணி, நனைந்த கோட்டு மூன்றும் கதவைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. கதவுப் படியில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, மேலே இரண்டு கொக்கி. குளியலறை இருந்தால் கோட்டு அங்கே, கூரை வென்ட்டைத் திறந்துவிட்டு. அழுக்குத் துணிக்கு வலைப்பை. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இரண்டே நாளில் அதிலும் பூசணம்தான். பாஸ்போர்ட், வண்டிப் பத்திரம், மருந்துச் சீட்டு, அவசர மருந்து எல்லாவற்றுக்கும் தண்ணீர் புகாத ஒரே பை, அது எந்த உருவத்திலும் கைக்கெட்ட வேண்டும். படுக்கை விரித்திருக்கும்போது, இருட்டில், ஒரு கையால் எடுக்க முடிகிறதா என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கணவரின் கருவிப்பெட்டி. "சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார்கள். கருவி வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லவே தேவையில்லை, என்னையும் சேர்த்து. ஆனால் இரண்டு பேருடைய உடுப்பு அத்தனையும் சேர்த்தால் 20, 25 கிலோ இருக்கும். இரும்புக் கருவிப்பெட்டி ஒன்றே சாதாரணமாக 15 கிலோவைத் தாண்டும். வண்டிக்கு இத்தனை கிலோதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு. ஆட்கள், கேஸ், 100 லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீர் என்றால் அதுவே 100 கிலோ, எல்லாம் அதில் சேர்த்தி. வழக்கமாக நிரப்பும் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக. மொத்தம் சரியாக இருந்து ஒரே அச்சு மட்டும் அளவைத் தாண்டியிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அவர் பாதியைக் கொடுத்துவிடச் சொன்னதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், எதில் பாதி என்பதுதான் பேச வேண்டியது. ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் இருக்கிறதா, இந்த வண்டியில் எங்குமே இல்லாத நட்டுக்கு ஏதாவது கருவி இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எட்டு மாதத்தில் கையில் எடுத்த கருவிகளை ஒரு துணிச் சுருளில் கட்டட்டும். மீதி இருக்கலாம், ஆனால் இப்போதிருக்கும் இடத்தில் வேண்டாம். கனமானது எதுவும் தரையோடு, இரண்டு அச்சுக்கும் நடுவில், பெல்ட் போட்டுக் கட்டித்தான் இருக்க வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் வண்டி எதிலாவது மோதினால் உள்ளே கட்டாமல் இருக்கும் பொருள், 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எந்த வேகம் எடுக்குமோ அந்த வேகத்தில் முன்னால் பறக்கும். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கருவிப்பெட்டி உங்கள் பின்மண்டையை நோக்கி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அது இப்போது இருக்கும் இடம் எது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கக் கதவுக்கு அருகில், இடுப்பு உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாத உலர்ந்த லாக்கராக இருக்கும் என்பது என் ஊகம். கருவி வைத்திருப்பவர்கள் முதல் நாளே நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துவிடுவார்கள். ஊகம் சரியென்றால் உங்கள் கம்பளிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. டேப் ஒட்டிய அன்றைக்கு அந்த லாக்கர் கதவிலும் ஒரு துண்டு ஒட்ட மறக்காதீர்கள். எத்தனை கோடு விழுந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.